தோரியம் எப்போது ஒளிர்ந்தது?

நேயர்களுக்கு வணக்கம். அடுப்படியில் இருப்பவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம், செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு லாரியில் போகிறவர்கள் ஓட்டிக்கொண்டே கேட்கலாம். படம் போட்டுக் காட்ட வேண்டியது எதையும் இன்று நான் எடுத்து வரவில்லை.

நம் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில், கோயில் திருவிழா என்றால் கேஸ் லைட்தான். அறுபதைத் தாண்டியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்து, மேண்டில் என்ற சின்ன வலைப்பையைக் கட்டிப் பற்றவைப்பார்கள். துணி எரிந்து போகும், சாம்பல் கூடு மட்டும் நிற்கும். விரல் பட்டால் பொடிந்துவிடுகிற அந்தக் கூடுதான் வெள்ளை வெளேர் என்று எரியும். அதில் நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. ஆஸ்திரியாவின் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1891இல் கண்டுபிடித்த கலவை அது. இப்போதைய மேண்டில்களில் பெரும்பாலும் தோரியம் இல்லை.

தோரியம் கதிரியக்கம் உள்ள பொருள். அப்படியானால் கேஸ் லைட் வெளிச்சம் கதிரியக்கத்தால் வந்ததா? இல்லை, அது சூட்டால் வந்த வெளிச்சம். தோரியம் ஆக்சைடு 3,300 பாகைக்கு மேல்தான் உருகும். அது சூட்டைத் தாங்கி நின்றது, கூட இருந்த சீரியம் வெளிச்சத்தைக் கூட்டியது. தோரியத்தின் கதிரியக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் ஒரு துளி வெளிச்சம்கூடத் தரவில்லை.

அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று பேச வந்த ஆராய்ச்சி ஏறத்தாழ ஐம்பது வருடம் இந்த ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டு நின்றது.

மேண்டிலில் இருந்தது தோரியம்-232. பத்து காஜா, கம்பார் பக்கம் ஈய லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், கழிவாக விட்டுப்போன அமாங் மணலில், மோனசைட் என்ற கனிமத்துக்குள் இருப்பதும் அதே 232தான். அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்து தீரும் காலம், 1,400 கோடி ஆண்டு. நாம் பேசப்போவது அதன் தம்பி, தோரியம்-229. அரை ஆயுள் ஏறத்தாழ 7,900 ஆண்டுதான் என்பதால், லம்பத்தைத் தோண்டி அதை எடுக்க முடியாது. அணு உலையில் தோரியம்-232ஐ நியூட்ரானால் அடித்தால், இடையில் இரண்டு படி கடந்து, யுரேனியம்-233 ஆகும். அந்த யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து தோரியம்-229 கசியும். பழைய யுரேனியம்-233 கையிருப்பு வைத்திருக்கும் ஓரிரு நாடுகளிடம்தான் இது கிடைக்கும். புற்றுநோய் சிகிச்சைக்கு வேண்டிய ஆக்டினியம்-225 இதிலிருந்தே வருவதால் மருத்துவர்களும் இதைக் கேட்கிறார்கள். விலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஓர் அணுக்கருவைத் தட்டி எழுப்பி அடுத்த நிலைக்கு ஏற்ற வேண்டுமானால், சாதாரணமாக ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். எலக்ட்ரான் வோல்ட் என்பது அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு. நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் இருப்பது இரண்டு, மூன்று எலக்ட்ரான் வோல்ட். ஆகவே லேசரை வைத்துக்கொண்டு அணுக்கருவிடம் போய் நின்றால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. தெரிந்த அணுக்கருக்கள் எல்லாவற்றிலும் தோரியம்-229 ஒன்றுக்குத்தான் முதல் படி அவ்வளவு தாழ்வாக இருக்கிறது, 8.4 எலக்ட்ரான் வோல்ட் அளவில். அங்கே லேசர் எட்டும். லேசர் எட்டினால் அணுக்கருவை வைத்தே கடிகாரம் செய்யலாம் என்று 2003இல் ஜெர்மனியின் பைக், டாம் இருவரும் எழுதினார்கள். இன்றைய அணுக் கடிகாரம் எலக்ட்ரான்களின் துடிப்பை எண்ணுகிறது. பக்கத்தில் காந்தம் இருந்தால், மின்புலம் இருந்தால், எலக்ட்ரான் சலனப்படும். அணுக்கரு மிகச் சிறியது, உள்ளே ஒடுங்கி இருப்பது, வெளித் தொந்தரவு அதற்குக் குறைவு.

ஆனால் அந்த 8.4 என்ற எண் கிடைத்த கதை இருக்கிறதே, அதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனம் வராது.

1976இல் அமெரிக்காவில் குரோகர், ரீச் இருவரும், இந்த அணுக்கருவில் முதல் படி 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கீழே இருக்க வேண்டும் என்று கணித்தார்கள். நேரே அளக்க வழியில்லை. 29,000 எலக்ட்ரான் வோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள காமா கதிர்களை அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சத்தைப் பார்க்க வேண்டும். பத்து டன் குலை லாரியை ஆலையின் எடை மேடையில் இரண்டு முறை ஏற்றி, ஓட்டுநர் பக்கத்தில் வைத்திருக்கும் மூன்று கிலோ சாப்பாட்டுத் தூக்கின் எடையைக் கண்டுபிடிக்கிற வேலை அது. மேடை கொஞ்சம் தடுமாறினாலும் தூக்கே காணாமல் போய்விடும். 1994இல் இப்படிக் கழித்து வந்த விடை 3.5. உலகமே 3.5ஐ நம்பியது.

3.5 எலக்ட்ரான் வோல்ட் என்றால் 350 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்துப் புற ஊதா ஒளி. காற்றில் போகும், தேடுவது சுலபம். யுரேனியம்-233 மாதிரியை இருட்டில் வைத்துத் தேடினார்கள். 1997இல் ஒளியும் தெரிந்தது, எதிர்பார்த்த இடத்திலேயே தெரிந்தது! தோரியம் ஒளிர்ந்துவிட்டது என்று அறிவிப்பும் வந்தது.

அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது? யுரேனியம் சிதையும்போது ஆல்ஃபா துகள்களைக் கக்குகிறது. அவை சுற்றியுள்ள காற்றில் மோதும். காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன். அடி வாங்கிய நைட்ரஜன் 337, 357 நானோமீட்டரில் ஒளிரும், தேடிய இடத்துக்குப் பக்கத்திலேயே. 1999இல் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின. காற்றை எடுத்துவிட்டால் வெளிச்சமும் போய்விட்டது. தோரியம் ஒளிரவே இல்லை, மாதிரியைச் சுற்றியிருந்த காற்றுதான் ஒளிர்ந்திருக்கிறது.

எஸ்.பி.எம். இயற்பியல் எடுக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு ஒரு வார்த்தை. சோதனையில் எதிர்பார்த்தது கிடைத்தால் அங்கே நிறுத்தாதீர்கள். பொருளை எடுத்துவிட்டுப் பாருங்கள், காற்றை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் அதே முடிவு வந்தால் சங்கடம்தான், இருந்தாலும் பாருங்கள்.

எண்ணும் தப்பாகத்தான் இருந்தது. 2007இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் இன்னும் நுட்பமான எக்ஸ்ரே கருவியால் அளந்தபோது விடை 7.6 ஆனது. இரண்டு மடங்குக்கு மேல்! அந்த ஆற்றலுள்ள ஒளியைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் விழுங்கிவிடும், சாதாரணக் கண்ணாடியும் விழுங்கிவிடும். அதுவரை தேடியவர்கள் தப்பான நிறத்தில் தேடியிருக்கிறார்கள். இனிமேல் எல்லாமே வெற்றிடத்துக்குள் நடக்க வேண்டும்.

இன்னொரு இடைஞ்சலும் உண்டு. தோரியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 6.3 எலக்ட்ரான் வோல்ட் போதும். அணுக்கரு தன்னிடமுள்ள எட்டுச் சொச்சத்தை ஒளியாக விடுவதற்கு முன், பக்கத்து எலக்ட்ரான் அதை வாங்கிக்கொண்டு ஓடிவிடும். விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். ஒளியே வராது. மியூனிக் குழு இதையே வசதியாக்கிக்கொண்டது: ஒளியை விட்டுவிட்டு, ஓடுகிற எலக்ட்ரானைப் பிடித்தது. 2016இல் அந்தத் தாழ்ந்த முதல் படி உண்மையில் இருக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று கிடைத்தது.

ஒளியே வேண்டுமானால் எலக்ட்ரானைக் கட்டிப்போட வேண்டும். அதற்குக் கால்சியம் ஃபுளோரைடு படிகம். அதில் எலக்ட்ரானைக் கிளப்ப 12 எலக்ட்ரான் வோல்ட் அளவில் வேண்டும், 8.4 போதாது. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் ஷும் குழு இந்தப் படிகத்தை வளர்க்கிறது. குறுக்களவு சுமார் 3.2 மில்லிமீட்டர். தோரியம் அபூர்வம் என்பதால் பெரிதாக வளர்க்க வழியில்லை. விதைப் படிகத்தின் தலையில் குழி போட்டு, தோரியம் ஃபுளோரைடு கலந்த பொடியை அடைத்து, 1,400 பாகைக்கு மேல் சூடாக்குவார்கள். மேல்பாதி உருக வேண்டும், கீழ்ப்பாதி உருகக் கூடாது. பிறகு மெதுவாக ஆறவிட வேண்டும். ஈரமோ ஆக்சிஜனோ நுழைந்தால் படிகம் நம் கண்ணுக்குப் பளிங்காகத் தெரியும், ஆனால் 8.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள 148 நானோமீட்டர் ஒளிக்குச் சுவர். அதனால் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் ஈய ஃபுளோரைடும் சேர்ப்பார்கள். இவ்வளவு செய்தாலும் தோரியத்தின் கதிரியக்கமே உள்ளிருந்து ஃபுளோரினைப் பிரித்துப் படிகத்தை மங்கச் செய்கிறது. மங்கினால் ஃபுளோரின் உள்ள வாயுவில் மறுபடி சூடாக்கித் தெளியவைக்க வேண்டும்.

2023இல் ஐரோப்பாவின் செர்ன் அணு ஆய்வகத்தில், ஆக்டினியம்-229ஐப் படிகத்துக்குள் செலுத்தி, அது சிதைந்து பிறந்த தோரியத்தின் ஒளியைப் பார்த்தார்கள். தேட வேண்டிய இடம் வெகுவாகக் குறுகியது. அதே ஆண்டு நவம்பரில் வியன்னா குழுவும் ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனமும் சேர்ந்து லேசரால் தட்டினார்கள். 148.38 நானோமீட்டரில் அணுக்கரு எழுந்தது. லேசரை நிறுத்திய பிறகும் படிகம் மங்கலாக ஒளிர்ந்து, ஏறத்தாழ ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்தது. அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது? இந்த முறை அவர்களே முதலில் கேட்டார்கள். தோரியம்-232 கலந்த இன்னொரு படிகத்தை அதே இடத்தில் வைத்து, அதே லேசரை அடித்தார்கள். ஒளி இல்லை. 2024 ஏப்ரலில் கட்டுரை வெளிவந்தது. எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்தது அந்த ஒளி இல்லாத படிகம்தான்.

அதே 2024 செப்டம்பரில், அமெரிக்காவின் போல்டர் நகரில் ஜுன் யே குழு, வியன்னா படிகத்தை வாங்கிக்கொண்டுபோய், அகச்சிவப்பு லேசரைச் செனான் வாயுவில் பாய்ச்சி ஏழு மடங்கு அதிர்வெண்ணாக்கி, ஸ்ட்ரான்சியம் கடிகாரத்தோடு ஒப்பிட்டு அளந்தது. கிடைத்த எண் 2,020,407,384,335 கிலோஹெர்ட்ஸ். முதல் அளவைவிடப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் நுட்பம். ஆனால் இது இன்னும் முழுக் கடிகாரம் ஆகவில்லை. சூடு மாறினால் படிகம் விரியும், உள்ளே மின்புலம் மாறும், அதிர்வெண்ணும் நகரும். அந்த அளவீட்டைப் படிகத்தைக் கழித்தல் 123 பாகை அளவுக்குக் குளிரவைத்துத்தான் செய்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி கையைக் காட்டுகிறார். கரும்பொருள், அதாவது பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதாகக் கருதப்படும் பொருள், பற்றிக் கால் மணி நேரம் பேசலாம் என்று வந்தேன், இனி அரை நிமிடம்தான் இருக்கிறது. விஷயம் இதுதான்: தோரியத்தின் அந்தத் தாழ்ந்த படி, இரண்டு பெரிய விசைகள் ஒன்றையொன்று ஏறத்தாழ அடித்துக்கொண்டு மிஞ்சியது. அதனால் இயற்கை மாறிலிகளில், அதாவது எப்போதும் மாறாதவை என்று நாம் நம்பும் எண்களில், மிகச் சிறிய ஆட்டம் இருந்தாலும் இந்த எண்ணில் அது பல மடங்காகத் தெரியும் என்று எதிர்பார்க்கிறார்கள். சில வகைக் கரும்பொருள் அப்படி ஆட்டம் கொடுக்கலாம் என்று ஒரு கணிப்பு உண்டு. அதைப் பிடிக்க, விட்டு விட்டு அடிக்காமல் தொடர்ச்சியாக எரியும் 148 நானோமீட்டர் லேசர் வேண்டும். 2025இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு காட்மியம் ஆவியை வைத்து அதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. தம்பி மறுபடி கையைக் காட்டுகிறார். நன்றி, வணக்கம்.