பாட்டு வந்த ஆண்டில் அவர்களுக்கு என்ன வயது?

[திரை கறுப்பு. நாதஸ்வரம் மட்டும் ஒலிக்கிறது. சில விநாடிகள் கழித்து ஒரு பெண் குரல் சேர்கிறது.]

வணக்கம். இந்தப் பாட்டை அடையாளம் சொல்ல உங்களுக்கு மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. 'சிங்கார வேலனே தேவா'. படம் 'கொஞ்சும் சலங்கை'. ஆண்டு 1962. இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. திரையில் சாவித்திரி பாடுகிறார், ஜெமினி கணேசன் நாதஸ்வரம் வாசிக்கிறார். பாடிய குரல் எஸ்.ஜானகி, வாசித்த மூச்சு காருகுறிச்சி அருணாசலம். இவ்வளவும் நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான்.

ஒரு சின்னக் கணக்கை மட்டும் சேர்த்துப் பாருங்கள். படம் வந்தபோது இவர்களுக்கு என்ன வயது?

[திரையில் ஒரு வெள்ளைத் தாள். கையால் ஒரு நீளக் கோடு வரையப்படுகிறது. நடுவில் ஒரு புள்ளி: 1962.]

ஜானகி 1938இல் பிறந்தவர். 1957இல்தான் சினிமாவில் பாடத் தொடங்கினார். ஆக, இந்தப் பாட்டு வெளியானபோது அவருக்கு 23 வயது. துறைக்கு வந்து ஐந்து ஆண்டு. காருகுறிச்சியார் 1921இல் பிறந்தவர், டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். குரு 1956இலேயே மறைந்துவிட்டார். கச்சேரி மேடையில் தன் பெயரை நிலைநாட்டி முடித்த, நாற்பது வயதைத் தொட்ட வித்வான்தான் அந்த இளம் பாடகியோடு பாட்டுக்குள் வருகிறார்.

ஆபேரி ராகம். நாதஸ்வரம் ஒரு சங்கதியை, அதாவது மெட்டின் ஒரு சிறு வளைவைப் போடுகிறது. குரல் அதை ஸ்வரமாகத் திருப்பிக் கொடுக்கிறது. வாசிப்பு வேகமெடுக்க, குரலும் வேகமெடுக்கிறது. பிற்பகுதியில் ஒரு காதை மூடிக்கொண்டு கேட்டாலும் இரண்டையும் பிரிப்பது கடினம். நாதஸ்வரத்தின் வீச்சுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல் இப்படிக் கூர்மையாக நிற்பது லேசான காரியம் கிடையாது. 23 வயதில் அதைச் செய்தார் என்று தெரிந்துகொண்டு கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கோட்டில் இன்னொரு புள்ளியும் வைக்க வேண்டியிருக்கிறது: 1964. அந்த ஆண்டு காருகுறிச்சி அருணாசலம் காலமானார். படம் வந்து இரண்டே ஆண்டுகள். ஒருவர் தொடங்கும் இடத்திலும் இன்னொருவர் முடிக்கும் இடத்திலும் நின்றுகொண்டு ஒரே பாட்டில் சந்தித்திருக்கிறார்கள். பதிவு நடந்தபோது இருவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. கேட்கிற நமக்குத் தெரிகிறது.

இந்த வீடியோவில் நான் சொல்ல வருவது இதுதான். பிடித்த பாட்டு நமக்கு வாழ்நாள் முழுக்க கூட வருகிறது. அதைப் பாடியவருக்கோ வாசித்தவருக்கோ அது ஒரு நாள் வேலை. அந்த நாள் அவருடைய தொழில் வாழ்க்கையில் எந்த இடத்தில் விழுந்தது என்று கண்டுபிடித்தால், அதே பாட்டு வேறு மாதிரி கேட்கத் தொடங்கும். இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஒரு தாள், ஒரு கோடு, சில ஆண்டுகள் போதும்.

[தாளில் ஜானகியின் கோடு மட்டும் மேலே நகர்கிறது. 1957, 1962 புள்ளிகளுக்குப் பின் இடைவெளி. பிறகு 1976.]

ஜானகியின் கோட்டையே கொஞ்ச தூரம் பிடித்துக்கொண்டு போவோம். 1976இல் 'அன்னக்கிளி' வருகிறது. இளையராஜாவின் முதல் படம். அதில் 'மச்சானப் பாத்தீங்களா' பாடியவர் ஜானகி. 1962இல் பெரிய வித்வானுக்குப் பக்கத்தில் நின்ற புதியவர், இப்போது ஒரு புதிய இசையமைப்பாளரின் முதல் படத்துக்குக் குரல் கொடுக்கும் மூத்தவர். பதினான்கே ஆண்டுகளில் இடம் மாறிவிட்டது.

இளையராஜாவுக்கும் ஒரு கோடு போடுங்கள். 1976க்கு முன்னால் அது வெற்றுத்தாள் என்று நினைத்துவிடக் கூடாது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றிருக்கிறார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்திருக்கிறார். மற்றவர்களின் பாட்டுகளுக்கு கிட்டார் வாசித்திருக்கிறார். நாம் ரசித்த எத்தனையோ பழைய பாட்டுகளில் பெயர் தெரியாத ஒரு கிட்டார் கேட்கிறதே, அவற்றில் சில அவருடைய விரல்கள். 'திடீரென்று வந்தார்' என்று நாம் சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் பல ஆண்டுகளாக அந்தப் பாட்டுகளுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

அடுத்த கோடு தானாகவே முளைக்கிறது. இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர்களில் திலீப் என்ற இளைஞர் ஒருவர். மலையாள சினிமாவில் இசையமைப்பாளராகவும் இசை உதவியாளராகவும் இருந்த ஆர்.கே.சேகரின் மகன். தந்தை 1976இல், ஆம், அதே 1976இல் மறைந்தபோது அந்தப் பையனுக்கு ஒன்பது வயது. 1992இல் 'ரோஜா' வந்தபோது உலகம் அவரை ஏ.ஆர்.ரஹ்மான் என்று அறிந்துகொண்டது. அடுத்த ஆண்டு வந்த 'ஜென்டில்மேன்' படத்தில் ரஹ்மான் இசையில் 'ஒட்டகத்தைக் கட்டிக்கோ' பாடுகிற பெண் குரல் யாருடையது என்று பாருங்கள். ஜானகிதான். சுப்பையா நாயுடுவின் நாதஸ்வரப் பாட்டு தொடங்கி ரஹ்மான் வரைக்கும் ஒரே கோடு, அறுபடாமல் போகிறது.

நான் முதல் முறை இந்தக் கோட்டைப் போட்டு முடித்தபோது தாளை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். தனித்தனியாகப் பிடித்திருந்த பாட்டுகள் எல்லாம் ஒரு குடும்பத்தைப்போல அதில் உட்கார்ந்திருந்தன.

ஒரு எச்சரிக்கை. படம் வந்த ஆண்டும் பாட்டு பதிவான ஆண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது. எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அவர் முதலில் பாடிய பாட்டு 'ஹோட்டல் ரம்பா' என்ற படத்துக்கானது. அந்தப் படம் வெளிவரவே இல்லை. நமக்கு அவர் அறிமுகமானது 1969இல், 'அடிமைப்பெண்' படத்தின் 'ஆயிரம் நிலவே வா' வழியாக. அந்தப் பாட்டைப் பதிவு செய்வதற்கு முன்னால் அவருக்கு டைபாய்டு வந்து படுத்துவிட, எம்.ஜி.ஆர். வேறு பாடகரைத் தேடாமல் காத்திருந்தார் என்பதைப் பாலசுப்பிரமணியமே பல மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். அவரோடு சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடியவர் பி.சுசீலா. ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து பாடிக்கொண்டிருந்தவர். 'உயர்ந்த மனிதன்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருதைப் பெற்றவர். உச்சத்தில் இருந்த ஒருவரும், காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த ஒரு புதுப் பையனும் பாடிய பாட்டு அது. இனிமேல் கேட்கும்போது அந்தப் புதுக்குரலின் பணிவைக் கவனியுங்கள்.

[தாள் மாறுகிறது. கோடு இருக்கிறது, பெயர் எழுதும் இடம் காலி.]

பாடகர்களுக்குக் கோடு போடுவது எளிது. பெயர் இசைத்தட்டு உறையிலேயே இருக்கும். வாத்தியக் கலைஞர்களிடம் வரும்போதுதான் தாள் வெறுமையாகிறது. இது நம் ஊர் சினிமாவுக்கு மட்டும் உரிய குறை என்று நினைக்காதீர்கள்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் என்ற இசை நிறுவனம். அறுபதுகளில் அங்கிருந்து வந்த பாட்டுகள் உலகையே ஆட்டிவைத்தன. 1964இல் பதிவான 'மை கேர்ள்' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். முதலில் தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிட்டார் மட்டும், இதயம் துடிப்பதுபோல. அதன்மேல் ஒரு கிட்டார் படிப்படியாக ஏறுகிறது. குரல் இன்னும் வரவே இல்லை. அதற்குள் பாட்டு நம்மைப் பிடித்துவிட்டது. பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன், பெரும்பாலும் ஒற்றை ஆள்காட்டி விரலால் மீட்டியவர். ஏறுகிற கிட்டார் ராபர்ட் ஒயிட்டுடையது. இவர்கள் உட்பட மோடவுன் நிறுவனத்தின் வாத்தியக் குழுவுக்கு ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர். பாட்டுகள் முதலிடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. உறைகளில் இவர்கள் பெயர் வரவில்லை. 1971இல் மோடவுன் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான் அந்தக் கலைஞர்களுக்கு முறையாகப் பெயர் கிடைத்தது. ஜேமர்சன் 1983இல், 47 வயதில் காலமானார்.

ராபர்ட் ஒயிட்டைப் பற்றி, இந்தக் குழுவைக் குறித்து எடுக்கப்பட்ட ஆவணப்படத்தில் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறார். 'மை கேர்ள்' ஒலிக்கிறது. பரிமாற வந்தவரிடம், அந்தக் கிட்டார் நான் வாசித்தது என்று சொல்ல வாயெடுக்கிறார். பிறகு சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறார். சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்ற எண்ணம்தான் காரணம். உலகம் முழுக்க முணுமுணுத்த ஒரு மெட்டை வாசித்த மனிதருக்கு அதைத் தன்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

[திரையில் கடிகாரம். ஞாயிறு மாலை.]

இங்கிலாந்துக்குப் போவோம். 1973 ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடம். பிங்க் ஃபிளாய்டு என்ற ராக் இசைக் குழுவின் ஒரு பாட்டுக்குச் சொற்களே இல்லை. கிளேர் டோரி என்ற 25 வயதுப் பாடகியை அழைத்து, ஏதாவது பாடுங்கள், வார்த்தை மட்டும் வேண்டாம் என்கிறார்கள். தன் குரலையே ஒரு வாத்தியமாக எண்ணிக்கொண்டு பாடிவிட்டு, இதை எங்கே பயன்படுத்தப் போகிறார்கள் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போய்விட்டார். ஞாயிறு என்பதால் வழக்கத்தைவிட இரட்டிப்பாக, 30 பவுண்டு சம்பளம்.

அந்தப் பாட்டுதான் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. அது இடம்பெற்ற தொகுப்பு உலகில் மிக அதிகம் விற்றவற்றில் ஒன்று. கடையில் இசைத்தட்டைப் பார்த்தபோதுதான் தன் குரல் அதில் வந்திருப்பதே அவருக்குத் தெரிந்தது. பாடியவர் என்று பெயர் இருந்தது. மெட்டில் பங்கு இருப்பதாக எங்கும் இல்லை. 2004இல் வழக்குத் தொடுத்தார். 2005இல் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. அதன்பின் வந்த பதிப்புகளில் மெட்டமைத்த குழு உறுப்பினர் ரிச்சர்ட் ரைட்டின் பெயரோடு, குரல் மெட்டமைப்பு கிளேர் டோரி என்றும் அச்சானது. ஒரு மாலை நேர வேலைக்கும் அந்த ஒரு வரிக்கும் நடுவே 32 ஆண்டுகள்.

எது மெட்டு, எது வாசிப்பு என்பதை எங்கே பிரிப்பது என்று சட்டம் இன்னும் திணறிக்கொண்டுதான் இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தப் பாட்டிலிருந்து டோரியின் குரலை எடுத்துவிட்டுப் பியானோவை மட்டும் வைத்துப் பாருங்கள் என்பேன். அழகாகத்தான் இருக்கும். ஆனால் உங்களுக்குப் பிடித்த பாட்டு அங்கே இருக்காது.

[டிரம்ஸ். ஆறு விநாடி. நிற்கிறது.]

கடைசியாக இந்த ஆறு விநாடி. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. முன்பக்கப் பாட்டு கிராமி விருது வரைக்கும் போனது. பின்பக்கத்தில் 'அமென், பிரதர்' என்று ஒன்று. அதில் சுமார் ஒன்றரை நிமிடத்தில் மற்ற எல்லா வாத்தியங்களும் நிற்க, டிரம்ஸ் மட்டும் நான்கு தாள வட்டம் வாசிக்கிறது. அவ்வளவுதான். வாசித்தவர் கிரிகரி கோல்மன்.

எண்பதுகளில், பழைய ஒலித்துண்டுகளை வெட்டி எடுத்து மறுபடி மறுபடி ஓடவிடும் கருவிகள் வந்தன. இந்தத் துண்டு ஹிப் ஹாப் கலைஞர்கள் கையில் சிக்கியது. பிறகு இங்கிலாந்தில் ஜங்கிள் என்ற ஓர் இசை வகையே இதன்மேல் எழுந்தது. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அதே ஆறு விநாடி. பெயர் தெரியாமலேயே நீங்களும் கேட்டிருப்பீர்கள். கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. 2006இல் வீடில்லாத நிலையில் இறந்தார். 2015இல் ரசிகர்கள் பணம் திரட்டி, குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார்கள். கோல்மனின் கோடு அதற்கு ஒன்பது ஆண்டுக்கு முன்பே நின்றுவிட்டது.

[மீண்டும் முதல் தாள். 1957, 1962, 1964, 1976, 1993.]

உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் மாட்டி, பாடகரை விட்டுவிட்டு இடையிசையை மட்டும் கேளுங்கள். எந்த வாத்தியம் உங்களை இழுக்கிறதோ அதை வாசித்தவர் யார் என்று தேடுங்கள். ஒலித்தட்டு உறையின் பின்பக்கம், படத்தின் தலைப்புகள், மூத்த கலைஞர்களின் நேர்காணல்கள், இசைச் செயலிகளில் பாட்டுக்குக் கீழே வரும் கலைஞர் விவரம் என்று ஏதாவது ஒன்றில் நுனி அகப்படும். பெயர் கிடைத்ததும் அவர் அதற்கு முன் வாசித்தது ஒன்று, பின் வாசித்தது ஒன்று தேடி எடுங்கள். மூன்று புள்ளி போதும், கோடு வந்துவிடும். அந்தப் பெயரைக் கீழே எழுதுங்கள். நான் ஒவ்வொன்றையும் படிப்பேன்.

இப்போது நான் பேச்சை நிறுத்துகிறேன். 1962க்கே திரும்பிப் போகலாம். பாட்டின் கடைசிப் பகுதி, குரலும் நாதஸ்வரமும் சேர்ந்து ஓடுகிற இடம். அவருக்கு 23 வயது. இவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு.

[பாட்டு ஒலிக்கிறது.]