மானியம் ஓசூரில் இறங்கிக்கொண்டது

பின்தங்கிய பகுதிகளில் புதுமையை வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஓசூரிலிருந்து தொடங்குகிறேன்.

2004 வரை ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது; இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். பின்தங்கிய மாவட்டம் என்று சலுகைகள் கிடைத்தன. தொழிற்பேட்டை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் மனை கொடுத்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் வந்தன. சரி, எல்லோரும் ஏன் ஓசூரிலேயே இறங்கினார்கள்? பெங்களூரு வெறும் 40 கிலோமீட்டர். சலுகை தர்மபுரியின் பெயரில், ஆலை பெங்களூருவின் வாசலில். அதே தர்மபுரியின் அரூர்க்காரரும் பென்னாகரத்துக்காரரும் பிழைப்புக்கு இன்றும் பஸ் ஏறத்தான் வேண்டியிருக்கிறது.

ஆனால் டைட்டனைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-இல் தொடங்கியது. கடிகாரம் செய்யத் தெரிந்த ஆட்களைத் தேடி அலையாமல், கிராமத்துப் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகளை எடுத்துப் பழக்கினார்கள். என்னைக் கேட்டால், எந்த மானியத்தையும்விட அதுதான் பெரிய முதலீடு.

ஐரோப்பாவிலும் இந்தத் தலைவலி உண்டு. பணம் அதிகம் தேவைப்படும் பகுதிகளுக்குத்தான் அதைப் பயன்படுத்தும் தெம்பு குறைவு என்று 2002-இலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியம், 'உங்கள் ஊருக்கு எது கைவரும் என்று திட்டம் கொடுங்கள், அப்புறம் ஆராய்ச்சிப் பணம்' என்றது. திட்டம் எழுதித் தரவே கன்சல்டன்ட் வந்துவிடுவார், அது வேறு கதை!

நமக்கு எது கைவரும்? கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளைப் பாருங்கள். கூழுக்குப் போகும் பெங்களூரா ரக மாம்பழ சீசன் சில மாதம்தான். அது முடிந்தால் பாய்லர் ஆறிவிடும். பக்கத்துப் பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்தால் பறிகூலிகூடத் தேறாது. அதே ஆலையில் தக்காளியை ஓட்டினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். சிக்கல் என்னவென்றால், சந்தைத் தக்காளியில் தண்ணீர் அதிகம். காய்ச்சிக் கெட்டியாக்க எரிபொருள் செலவு கட்டாது. கூழுக்கு ஏற்ற ரகம் வேண்டும், அதை நடும் விவசாயிக்கு முன்கூட்டியே விலை உறுதி வேண்டும், ஆலையில் இயந்திரத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். கிருஷ்ணகிரி பக்கத்துப் பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. விஞ்ஞானி அங்கே, ஆலைக்காரர் இங்கே, விவசாயி மண்டியில்.

இந்த மூவருக்கும் நடுவில் ஓடித் திரிய ஒரு உணவுப் பொறியாளருக்கு ஐந்து வருடச் சம்பளமும், சோதனைக்குக் கெட்டுப்போகும் சரக்குக்கு நஷ்டஈடும் கொடுங்கள் என்கிறேன். புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம். திறப்பு விழா நடத்த முடியாதே என்று அமைச்சர்கள் வருத்தப்படுவார்கள், வேறென்ன?