கேற்றடியில் இறக்கிவிட்டால் போதாது

நேயர்களுக்கு வணக்கம்.

விசுவமடுவில் இருந்து கிளிநொச்சிக்கு மாதக் கிளினிக் போகிற ஒரு ஐயாவுக்கு முழங்கால் வருத்தம் மட்டும் என்றால், பஸ்ஸில் ஏற்றிவிட்டாலே போதும். மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார். மறதிநோய் உள்ளவருக்கு அப்படியில்லை. நடக்க அவரால் முடியும். ஆனால் எங்கே இறங்குவது, எதற்காக வந்தோம், எந்தப் பக்கம் திரும்புவது என்பதெல்லாம் கலைந்துபோகும். ஆகவே எந்த வாகனம் என்பது இரண்டாவது கேள்வி. வீட்டில் ஒருவர் கையில் இருந்து கிளினிக்கில் இன்னொருவர் கைக்கு அவர் போய்ச் சேருகிறாரா என்பதே முதற்கேள்வி. கேற்றடியில் இறக்கிவிட்டுத் திரும்புகிற ஓட்டோ பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

பாதையைப் பாருங்கள். முல்லைத்தீவில் இருந்து ஏ-35 வீதியால் வருகிற யாழ்ப்பாண பஸ், பரந்தன் சந்தியில் வடக்கே திரும்பிவிடும். கிளிநொச்சி ஆள் அங்கே இறங்கி, ஹோர்ண் சத்தத்துக்கு நடுவில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கவேண்டும். ஆட்கள் தவறிப்போவது பெரும்பாலும் ஓடுகிற பஸ்ஸில் அல்ல, இப்படி மாறுகிற இடத்தில்தான். கூட வந்தவர் ஒரு சோடா வாங்கத் திரும்பினாலே போதும். அரை மணித்தியாலம் கூடக் காத்திருந்தாலும் நேராகப் போகிற பஸ்ஸையே எடுங்கள்.

அடுத்தது நேரம். மறதிநோய் உள்ள பலருக்குப் பின்னேரம் ஆக ஆகத் தடுமாற்றமும் பதற்றமும் கூடும். விடிய முதல் பஸ்ஸில் வந்து, நம்பர் எடுத்து, மருந்துக்கும் நின்று, மூன்று நான்கு மணிக்கு வெயிலோடு திரும்பினால், வரும் வழியில்தான் கோபமும் அழுகையும் வரும். கிளினிக் தாதியிடம் விஷயத்தைச் சொல்லி முன் நம்பர் கேளுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், நீர் வற்றினால் குழப்பம் கூடும். பஸ்ஸில் திடீரென்று எழும்பி வாசலுக்குப் போகிறவர் பலவேளைகளில் சிறுநீர் கழிக்கத்தான் இடம் தேடுகிறார். புறப்பட முன்னும் இறங்கியவுடனும் மலசலகூடத்துக்குக் கூட்டிப்போங்கள்.

பஸ் பயணத்துக்கு வாந்திக் குளிசை கொடுக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. அவற்றில் பல நித்திரையைத் தருவதோடு மூளைக் குழப்பத்தையும் கூட்டும். வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவேண்டாம்.

ஓட்டோவில் அவரை உள்ளே அரக்கி, வலப்பக்க அடைப்போடு இருத்துங்கள். கூட வருபவர் திறந்த இடப்பக்கம் இருக்கட்டும். ஏறும்போது உங்கள் கையை அவர் தலைக்கும் மேற்கம்பிக்கும் இடையில் வையுங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருத்துவதை நிறுத்துவது நல்லது. திருப்பத்தில் எதிர்ப்பக்கம் சாய்வார், சந்தியில் வேகம் குறைந்தவுடன் இறங்கப் பார்ப்பார்.

பஸ்ஸில் வாசலுக்குத் தூரமான யன்னல் சீற் அவருக்கு, நடைபாதைப் பக்கம் உங்களுக்கு. ஏற்றும்போது கையைப் பிடித்து இழுத்தால் அவர் பின்னுக்கு இழுப்பார். அது பிடிவாதமல்ல, பயம். படியின் ஆழம் அவருக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். கறுத்த றபர் விரிப்பு குழி மாதிரித் தெரியலாம். முழங்கையைக் கீழிருந்து தாங்கி, "இந்தக் கம்பியைப் பிடியுங்கோ" என்று ஒன்றை மட்டும் சொல்லிப் பொறுங்கள். பிடித்த பிறகு, "காலை வையுங்கோ". அவர் இருக்குமுன் நடத்துநர் "ரைட்" சொல்லக்கூடாது. பாட்டுச் சத்தத்தையும் கொஞ்சம் குறைக்கலாம், தனியார் பஸ்காரர் கோபிக்கவேண்டாம்.

நடத்துநர்களுக்கு இன்னொன்று. தனியே ஏறியவர் வெறுங்காலோடு இருக்கிறார், கேட்டதையே கேட்கிறார், காசை எண்ணத் தெரியாமல் நீட்டுகிறார் என்றால் கவனியுங்கள். "வீட்டுக்குப் போகவேணும்" என்று அவர் சொல்லும் ஊர், இடம்பெயர முன்னர் இருந்த ஊராக இருக்கலாம். இன்று அங்கே யாருமில்லாமல் இருக்கலாம். வெறும் வீதியில் இறக்காதீர்கள். வாதாடவும் வேண்டாம். உடுப்பில் விலாச அட்டை குத்தியிருக்கிறதா என்று பார்த்து, பஸ் நிலைய நேரக்காப்பாளரிடம் ஆளாக ஒப்படையுங்கள், அல்லது பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு அழையுங்கள்.

அந்த அட்டையை வீட்டார் எழுதவேண்டும்: பெயர், கிராமம், இரண்டு தொலைபேசி இலக்கங்கள், "மறதிநோய் உண்டு" என்ற வரி. தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், வவுனியாவுக்குத் தெற்கே தேவைப்படும். பையில் அல்ல, உடுப்போடு ஊசியால் குத்திவிடுங்கள், பையை அவர் எங்கேயும் வைத்துவிடுவார். புறப்படும்போது அன்றைய உடுப்போடு ஒரு படமும் எடுங்கள்.

ஓரிரு நாளுக்குள் திடீரெனக் குழப்பம் கூடினாலோ, எழுப்ப முடியாத மயக்கம் வந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவேண்டாம். கிருமித்தொற்றாக இருக்கலாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம்.

கிராம முதியோர் சங்கங்கள் செய்யக்கூடிய ஒரு ஏற்பாடு உண்டு. ஆளுக்கொரு ஓட்டோ பிடிப்பதை விட்டு, இரண்டு சாரதிகளை நிரந்தரமாகப் பேசிக்கொள்ளுங்கள். பழகிய முகமும் குரலும் இருந்தால் ஏற மறுப்பது குறையும். கூட்டிப்போய்க் காத்திருந்து திரும்பும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள். காத்திருப்புக்குக் காசில்லை என்றால் எந்தச் சாரதியும் கேற்றடியோடு திரும்பத்தான் செய்வார். ஓட்டோவில் ஒரு கொப்பி இருக்கட்டும். அவரை எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், எந்தக் காது கேட்கும், எதற்குப் பயப்படுவார், கிளினிக்கில் யார் பொறுப்பெடுப்பார், திரும்பியதும் வீட்டில் யார் நிற்பார் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெயர் இல்லையென்றால் அன்றைக்கு வண்டியை எடுக்கவேண்டாம்.

வணக்கம்.