வலது கால் கியரிலிருந்து இடது கால் கியருக்கு: புல்லட்டின் கதை

(திரை இருட்டு. பழைய புல்லட் ஒன்று நின்ற இடத்தில் ஓடும் சத்தம் மட்டும்.)

இந்தச் சத்தத்துக்குப் பெயர்ப்பலகை தேவையில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் இன்று ஷோரூமில் வாங்கும் புல்லட்டில் இதே சத்தம் வராது. பெயர் அதே பெயர், டேங்கில் அதே தங்கக் கோடு. உள்ளே இருப்பது வேறு வண்டி. அது எப்படி மாறியது, எதற்காக மாறியது என்பதுதான் இந்த வீடியோ.

(இங்கிலாந்து வரைபடம். ரெடிட்ச் என்ற ஊர்மீது புள்ளி.)

ரெடிட்ச் ஊசிக்குப் பெயர்போன ஊர். அங்கே சைக்கிள் செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்துக்கு, என்ஃபீல்டில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து துப்பாக்கி உதிரிப்பாகங்களுக்கு ஆர்டர் கிடைத்தது. ராயல் என்ஃபீல்டு என்ற பெயர் அங்கிருந்து வந்தது. துப்பாக்கி செய்யும் நேர்த்தியோடு செய்த வண்டி என்று விளம்பரமும் செய்தார்கள். துப்பாக்கி வந்தால் தோட்டா வராதா? 1932இல் புல்லட் வந்தது. 250, 350, 500 சிசி என்று மூன்று அளவு.

நாம் புல்லட் என்று சொல்லும் உருவம் அதற்கும் பிந்தையது. 1948இல் பின் சக்கரம் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் வைத்த மாதிரி வண்டிகளை இத்தாலியில் நடந்த ஆறு நாள் போட்டிக்கு அனுப்பினார்கள். பல வண்டிகளில் பின் சக்கரம் நேரே சேஸிஸிலேயே பூட்டியிருந்த காலம் அது. ஓட்டிய இருவருமே தங்கப் பதக்கத்தோடு திரும்பினார்கள். அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது.

அதே 1949இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் புல்லட்டை இங்கே இறக்குமதி செய்யத் தொடங்கியது. எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய ராணுவமும் இதையே எடுத்தது. வண்டி வந்தால் போதுமா, உதிரிப்பாகம் வேண்டாமா? 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் ரெடிட்சிலிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின.

அந்தப் பக்கம் ரெடிட்ச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் பிரிட்டனில் தயாரிப்பே நின்றுபோனது. பிறந்த வீட்டில் விளக்கு அணைந்துவிட்டது, புகுந்த வீட்டில் எரிந்துகொண்டிருந்தது. 1977இல் திருவொற்றியூர் வண்டிகள் கப்பலேறி பிரிட்டனுக்கே விற்பனைக்குப் போயின. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

(எஞ்சினின் குறுக்குவெட்டுப் படம். பிஸ்டன் மெதுவாக ஏறி இறங்குகிறது.)

சரி, சத்தத்துக்கு வருவோம். ஒரே சிலிண்டர். அதன் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். மொத்தம் 346 சிசி. குழாய் ஒல்லி, பயணம் நீளம். கூடவே கனமான ஃப்ளைவீல். அதனால் எஞ்சின் வேகமாகச் சுழலாது, ஆனால் சுழலத் தொடங்கினால் எளிதில் அடங்காது. ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்புதான். மெதுவாகச் சுழலும் எஞ்சினில் அந்த வெடிப்புகளைத் தனித்தனியாக எண்ணிவிடலாம். புல்லட் சத்தம் என்பது இந்த இடைவெளிதான்.

இதைக் கிளப்புவது தனிக்கலை. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். ஓரிடத்தில் கனமாகத் தட்டும், மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷர் லீவரை இழுத்துப் பிடித்து இன்னும் துளி மிதித்து, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே மிதி. இதில் ஒன்றைத் தவறவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்கால் அதை மறக்காது.

கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே, மற்ற மூன்றுக்கும் கீழே. நியூட்ரல் தேடுவதற்கென்றே தனியாக ஒரு லீவர் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1970களில் அமெரிக்கா கியர் இடது காலில்தான் இருக்க வேண்டும் என்று விதி போட்டது. உலகம் முழுக்க கம்பெனிகள் மாறின. திருவொற்றியூர் மாறவில்லை. போட்டி குறைந்த சந்தையில் மாற வேண்டிய அவசியமும் இல்லை.

அவசியம் 1980களில் வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்து மைலேஜ் கணக்கை மாற்றிப் போட்டது. அதற்குப் பதில்போல 325 சிசி டீசல் புல்லட்டும் வந்தது. ஆறரை குதிரைசக்தி! சிக்கனம் இருந்தது, வேகம் இல்லை.

1990இல் டிராக்டர் செய்துகொண்டிருந்த ஐஷர் நிறுவனம் என்ஃபீல்டு இந்தியாவில் பங்கு வாங்கியது, 1994இல் முழுப் பொறுப்பும் அதன் கைக்குப் போனது. 2000இல் ஐஷர் குடும்பத்தின் சித்தார்த்த லால் ராயல் என்ஃபீல்டின் தலைமைக்கு வந்தபோது அவருக்கு வயது 26. மூடிவிடலாமா என்ற பேச்சு இருந்த நேரம்.

மாற்றம் சிலிண்டரில் தொடங்கியது. வார்ப்பிரும்பு சிலிண்டர் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. அதற்குப் பதிலாக, ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தின் உதவியோடு அலுமினிய எஞ்சின் வந்தது. அடுத்தது 2008, 2009இல் யுசிஇ, அதாவது யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் எஞ்சின். அதுவரை எஞ்சின் ஒரு பெட்டி, கியர்பாக்ஸ் தனிப்பெட்டி. இனி இரண்டும் ஒரே பெட்டிக்குள். இணைப்பு குறைந்தால் எண்ணெய் ஒழுகும் இடமும் குறையும். "ஒழுகினால்தான் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்" என்ற பழைய மெக்கானிக் நகைச்சுவைக்கு வேலையில்லாமல் போனது. கியர் இடது காலுக்கும் பிரேக் வலது காலுக்கும் வந்துவிட்டன. 2010 வாக்கில், மாசு விதிகள் இறுகியபோது வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றது. ஆனாலும் யுசிஇயில் 70, 90 என்ற பழைய அளவை மாற்றவில்லை.

அந்த அளவு 2023 செப்டம்பரில் போனது. புதிய ஜே எஞ்சினில் 72 மில்லிமீட்டர் விட்டம், 85.8 மில்லிமீட்டர் பயணம், 349 சிசி. அதிர்வைத் தணிக்க பேலன்சர் ஷாஃப்ட். கிக்கர் கிடையாது. சத்தம் மென்மை. இது புல்லட்டே இல்லை என்று சண்டை போடுகிறவர்களை எனக்குப் புரிகிறது. ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கைப்பிடியை விட்டால், விரல்கள் இன்னும் ஆடிக்கொண்டிருக்காது. அதற்காக நான் புதியதின் பக்கம்.

(டேங்கின்மீது தூரிகை நகரும் நெருக்கக் காட்சி.)

இந்தத் தங்கக் கோட்டை மட்டும் இன்றும் கையால்தான் வரைகிறார்கள், ஸ்டிக்கர் இல்லை.

வார்ப்பிரும்பு வண்டி ஓட்டிப் பழகியவர் யாராவது உங்கள் புதிய புல்லட்டைக் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். முதல் சிக்னல் வரை மட்டும் கொஞ்சம் தள்ளியே பின்தொடருங்கள். கியர் மாற்ற வலது காலை அழுத்துவார். வண்டி நடுரோட்டில் நிற்கும்.