அறுபது பணிஸ்

(திருகோணமலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும், என்னோடு படித்த நண்பர்களுக்கும் வணக்கம்.

‘ஊரும் சாப்பாடும்’ என்று தலைப்புத் தந்தார்கள். தம்பலகாமத்துத் தயிர், கொட்டியாரக் குடா மீன் என்று பேச எவ்வளவோ இருக்கிறது. ஆனால் நான் ஒரு பர்கர் கடையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். உட்துறைமுக வீதிக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டு மேசையும் ஆறு கதிரையும் உள்ள சின்னக் கடை.

போர் முடிந்த அடுத்த வருடம், 2010 இல், நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் கடைக்காரர் அதைத் தொடங்கினார். அப்போது நாங்கள் உயர்தர வகுப்பு மாணவர்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகும் பயமில்லாமல் வெளியே நிற்கலாம் என்பதே எங்களுக்குப் புதிதாக இருந்த காலம் அது. ரியூசன் முடிந்து, இருவர் காசு சேர்த்து ஒரு பர்கர் வாங்குவோம். நானா கேட்காமலே அதை நடுவால் வெட்டி, இரண்டு தாளில் சுற்றித் தருவார். இரண்டு பாதியிலும் வெங்காயம் சமமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார். அந்தப் பார்வைக்காகவே நான் அந்தக் கடைக்கு உரியவன் ஆனேன்.

கூட்டம் தொடங்கும் முன் தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு ஐயா கேட்டார்: “பர்கர் எங்கட சாப்பாடா, தம்பி?” நியாயமான கேள்வி. பெயர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்தது, கடைச் சாப்பாடாக வளர்ந்தது அமெரிக்காவில். ஆனால் இறைச்சியை நடுவில் வைக்கும் அந்தப் பன்னுக்கு, நம்முடைய பணிஸுக்கு, வேறு கதை இருக்கிறது. 1942 இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும், இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. பங்கீட்டில் கோதுமை மா வந்தது. அதே வருடம் ஏப்ரல் 9 ஆம் திகதிதான் நம்முடைய துறைமுகத்தில் குண்டு விழுந்தது. சோறு மட்டுமே தெரிந்த பல வீடுகளுக்குள் பாண் நுழைந்த காலம் அது. அப்புறம் சீனன்குடாவில் மா ஆலையே வந்துவிட்டது. துறைமுகத்தின் இந்தப் பக்கம் நின்று பார்த்தாலே அதன் உயரமான களஞ்சியங்கள் தெரியும். கோதுமை கடல் கடந்து வருகிறது, சரி. ஆனால் அது மாவாக அரைபடுவது நம்முடைய கண்ணெதிரே. ஐயா, இந்தப் பணிஸை அந்நியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2016 இல் வேலைக்காக ஊரை விட்டுப் போனேன். போன மாதம்தான் திரும்பினேன். வந்த அன்று மாலையே கடைக்குப் போனேன். முழங்கால் வருத்தத்தால் நானா இப்போது காசு மேசையில் இருக்கிறார். மகன்தான் இறைச்சி சுடும் கல்லுக்கு முன்னால் நிற்கிறார். “எங்க இவ்வளவு நாளா?” என்றார் நானா. நான் போகும்போது ஒரு பர்கர் 200 ரூபாய், இப்போது 750. அது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. முதல் கடியில்தான் மனம் சோர்ந்தது. இறைச்சி மெல்லிசாக இருந்தது. என் நாக்கில் இருந்த அந்தத் தடித்த, சாறு வடியும் பர்கர் அங்கே இல்லை.

மறைக்காமல் மகனிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். “காஸ், அண்ணன். தடிப்பாப் போட்டா வேக ஏழு எட்டு நிமிசம். மெல்லிசா ரெண்டு போட்டா மூணு நிமிசம்.” 2021 இல் பல மாதம் 1,500 ரூபாய்க்கும் கீழே இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,800 ரூபாயைத் தாண்டியதே, அந்த நாட்களில் பிடித்த பழக்கம். காசு இருந்தும் சிலிண்டர் கிடைக்காத கிழமைகளில் கடையைப் பூட்டியிருக்கிறார்கள். நான் இல்லாத வருடங்கள் முழுவதும் அந்த மெல்லிய இறைச்சியில் எழுதியிருந்தன.

மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அது பர்கருக்கென்று வாங்கிய தட்டு அல்ல, பழைய ரொட்டிக் கல். அரைத்த இறைச்சியை உருண்டையாக வைத்து, வைத்த உடனேயே அகப்பையால் ஒரே ஒரு அழுத்து. பிறகு தொடுவதில்லை. கொழுப்பு உருகிய பின் அழுத்தினால் சாறெல்லாம் கல்லுக்குத்தான் போகும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை இறைச்சி அவியத்தான் செய்யும். ஈரம் வற்றி, சூடு 140 பாகை செல்சியஸைத் தாண்டும்போதுதான் சிவந்து முறுகும், அந்த மணமும் வரும். மெல்லிசாக இரண்டு போட்டால் அந்த முறுகல் நான்கு பக்கம். பக்கத்தில் மெல்லியதாக அரிந்த வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த செத்தல் மிளகாய். பணிஸின் வெட்டுப் பக்கத்தையும் அதே கல்லில் கவிழ்த்து வைப்பார். பணிஸில் உள்ள கொஞ்சச் சீனி கருகாமல் சிவந்து ஓர் ஓடு போல் ஆகிவிடும், சாறு ஊறிக் குழையாது. அமெரிக்காவின் விச்சிற்றா நகரத்தில் 1921 இல் தொடங்கிய வைற் காசில் கடையும் சின்ன, மெல்லிய இறைச்சியை வெங்காயத்தோடு சுட்டு, ஐந்து சதத்துக்கு விற்றுத்தான் பெயர் எடுத்தது. நானாவின் மகன் அதைப் படித்துச் செய்யவில்லை. காஸ் விலை கற்றுக்கொடுத்தது. இன்று என்னிடம் எது சுவை என்று கேட்டால், பழையதை விட இதுதான் என்று சொல்வேன். இதைச் சொல்ல எனக்கு மூன்று மாலை தேவைப்பட்டது.

நான் வாசலில் நின்று சாப்பிடும்போது நம்முடைய ஊர் வீதிகளில் திரியும் மான் ஒன்று வந்து நின்றது. மகன் கோவா இலைகளைத் தனியாகச் சேர்த்து வைத்திருந்து போட்டார். சோஸ் பட்ட தாளையும் பொலித்தீனையும் மூடியுள்ள வாளியில் போட்டு அமுக்கினார். மான்கள் பொலித்தீனைத் தின்று சாகின்றன, உங்களுக்கும் தெரியும். தயவுசெய்து அங்கே சாப்பிடுபவர்கள் தாளை வெளியே எறியாதீர்கள். இதை நான் மேடைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை.

பேக்கரியிலிருந்து நாளுக்கு அறுபது பணிஸ்தான் எடுக்கிறார்கள். நேற்றைய பணிஸை இன்று விற்பதில்லை. அறுபதும் முடிந்தால் கல்லை அணைத்துவிடுவார்கள். ஏழரைக்குப் பிறகு போய் நான் ஒருநாள் வெறுங்கையோடு திரும்பினேன். ஐயா, நாளை நீங்களும் வாங்க. ஏழு மணிக்கு முன்னால் வாங்க, நடுவால் வெட்டச் சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.