இறக்கையின் பின்விளிம்பில் நடப்பது

அவையோர் அனைவருக்கும் வணக்கம். விமானத்தைத் திருப்புவது வாலில் உள்ள சுக்கானே என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். படகைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. உண்மையில் விமானம் சாய்வதால்தான் திரும்புகிறது. அது ஒருபுறம் சாய்ந்தவுடன் இறக்கைகளின் தூக்குவிசையும் உடன் சாய, அவ்விசையின் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுத்துப் பாதையை வளைக்கிறது.

சாய்க்கும் வேலையைச் செய்பவை, பின்விளிம்பில் இறக்கை நுனியை ஒட்டிக் கீல் வைத்துப் பொருத்தப்பட்ட ஏலரான்கள் என்னும் அசையும் தகடுகள். இடப்பக்கம் சாய வேண்டுமானால் இடது ஏலரான் மேலே மடியும், வலது கீழே இறங்கும். கீழிறங்கியது தன் இறக்கையின் வளைவைக் கூட்டித் தூக்குவிசையைப் பெருக்கும்; மேலே மடிந்தது குறைக்கும். இத்துடன் முடிந்திருந்தால் விமானிகளின் பாடு எளிதாகியிருக்கும். தூக்குவிசை கூடும் இடத்தில் காற்றின் இழுவையும் கூடுவதால், உயரும் வலது இறக்கை பின்தங்கி, விமானத்தின் மூக்கு வேண்டாத வலப்பக்கமே திரும்பப் பார்க்கும். ரைட் சகோதரர்கள் 1902-ஆம் ஆண்டு எஞ்சினில்லா விமானமான கிளைடரில் இந்தச் சிக்கலில் அகப்பட்டுத்தான், அசையாதிருந்த பின்சுக்கானை அசையும்படி மாற்றினார்கள். திருப்பத்தின்போது மூக்கை நேர்வழியில் வைப்பதே சுக்கானின் முதன்மைப் பணி.

அவர்களுடைய விமானத்தில் ஏலரான் இல்லை. கம்பிகளால் இறக்கையையே முறுக்கினார்கள். அன்று துணைநின்ற அதே முறுக்கம் பின்னாளில் பகையானது என்பதுதான் எனக்கு இக்கதையின் சுவையான பகுதி. மிகு வேகத்தில், கீழிறங்கிய ஏலரான் மீது மோதும் காற்று இறக்கையின் பின்பகுதியை மேலே தள்ளி, முன்விளிம்பு தாழும்படி முறுக்கிவிடும். முறுக்கம் எல்லை மீறினால், உயர வேண்டிய இறக்கை தாழும். விமானி கேட்டதற்கு நேர்மாறாக விமானம் சாயும். ஆகையால்தான் போயிங் 747 போன்ற விமானங்களில் நுனிப்பக்க ஏலரான்கள் வேகப் பறப்பில் அசையாமல் பூட்டப்படுகின்றன. இறக்கை விறைப்பாக உள்ள உட்பகுதியின் ஏலரான்களும், மேற்பரப்பிலுள்ள ஸ்பாய்லர் தகடுகளும் சாய்க்கும் பொறுப்பை ஏற்கின்றன.

ஒரு பக்கத்து ஸ்பாய்லர்கள் எழும்பினால் அந்த இறக்கை தூக்குவிசையை இழந்து தாழும்; இழுவையும் அதே பக்கம் கூடுவதால் மூக்கு சரியான திசைக்கே செல்லும். தரையிறங்கிய மறுகணம் இரு பக்கத்துத் தகடுகளும் ஒருசேர நிமிர்வதை, சன்னலோரம் அமர்ந்தவர்கள் கண்டிருப்பீர்கள். அப்போது இறக்கைகள் தாங்கிய எடை சக்கரங்களுக்கு மாறுகிறது. பிரேக் நன்கு பிடிப்பது அதற்குப் பின்னரே.