தவணை கேட்டு வருபவருக்கும் வரம்பு உண்டு

நேயர்களுக்கு வணக்கம். மகளிர் குழுக் கடன் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்று வீட்டுக்கு வீடு புழங்குகிறது. தவணை கட்ட முடியாமல் போன நாளில், வசூலுக்கு வரும் நிறுவன ஊழியர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "பணத்தைக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன்" என்று இருட்டும் வரை நகராமல் இருப்பதும், அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி ஏசுவதும், குழுவின் மற்ற பெண்களையும் வரவழைத்து வாசலில் நிறுத்துவதும் பல ஊர்களில் வழக்கமாகிவிட்டன. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், கடன்பட்ட ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணை அவள் வீட்டு வாசலிலேயே தலைகுனிய வைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

ரிசர்வ் வங்கி 2022 மார்ச் மாதம் வெளியிட்ட நுண்கடன் நெறிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஈடு எதுவும் பெறாமல் கொடுக்கப்படுவதே நுண்கடன். ஈடே வாங்காத கடனுக்காக வண்டியைத் தூக்கிச் செல்வதற்கோ, கேஸ் சிலிண்டரை எடுத்துப்போவதற்கோ, வீட்டைப் பூட்டுவதற்கோ வசூலுக்கு வருபவருக்கு அதிகாரமில்லை. பணம் வசூலிக்கும் இடத்தைக் கடன் வாங்கியவரும் நிறுவனமும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்துக்குக் கடன்தாரர் அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராமல் போனால் மட்டுமே ஊழியர் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ தேடி வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொடர்புகொள்ளக் கூடாது. மிரட்டுவது, தகாத வார்த்தை பேசுவது, ஓயாமல் போன் செய்வது, உறவினரையோ உடன் வேலை செய்பவரையோ தொந்தரவு செய்வது, கடன் பாக்கி வைத்தவர்களின் பெயரை ஊரறிய வெளியிடுவது ஆகிய அனைத்தும் தடை செய்யப்பட்டவை. தாமதத்துக்கு அபராதம் போடுவதென்றால் கட்டத் தவறிய தொகைக்கு மட்டுமே போட வேண்டும். முழுக் கடனுக்கும் போடக் கூடாது.

இதே நெறிமுறைகளில் இன்னொரு விதி இருக்கிறது. ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகச் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை, அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஒரு நிறுவனத்தின் தவணையை அடைக்க இன்னொரு நிறுவனத்தில் கடன் வாங்கும் பெண்களைப் பார்க்கும்போது, கடன் கொடுத்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கொடுத்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. தவணை தவறியதற்கு வாங்கியவரை மட்டுமே குற்றவாளியாக்குவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

தனிநபர் கடன், கிரெடிட் கார்டு போன்றவற்றின் நிலுவைக்குக் காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரைதான் போன் செய்யலாம். செயலி வழியாகக் கடன் தருபவர்கள் உங்கள் கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுக்கவே கூடாது. படத்தை ஆபாசமாக மாற்றி உறவினருக்கு அனுப்புவோம் என்று யாராவது மிரட்டினால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

"போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவோம்" என்பது வசூலில் அடிக்கடி கேட்கும் மிரட்டல். வருமானம் குறைந்ததால் தவணை தவறுவது குற்றமல்ல. அந்தப் பாக்கியைக் கேட்டு நிறுவனம் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தவணை தவறியது உங்கள் கடன் வரலாற்றில் பதிவாகும் என்பதும், பின்னால் வேறு கடன் வாங்குவது கடினமாகும் என்பதும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை.

வசூலுக்கு வருபவரிடம் அடையாள அட்டையையும் அவரை அனுப்பிய நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். அவர் பெயர், வந்த நாள், நேரம், பேசிய பேச்சு ஆகியவற்றை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நுண்கடன் நிறுவனம் உங்களுக்குத் தரும் தவணை விவர அட்டையான கடன் அட்டையில் அதன் குறைதீர்க்கும் அலுவலரின் பெயரும் எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன புகாருக்குப் பின்னால் எந்த ஆதாரமும் இருக்காது. 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அடிப்பேன், உதைப்பேன் என்ற அளவுக்குப் போனால் 30 நாள் காத்திருக்க வேண்டாம். அது குற்றமுறு மிரட்டல். அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரிசர்வ் வங்கியில் பதிவே செய்யாமல் வட்டிக்கு விடுபவர்கள் குறைதீர்ப்பாளரின் வரம்புக்குள் வரமாட்டார்கள் என்பதால், அவர்கள் மிரட்டினாலும் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

புகார் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குக் கடன் அட்டையையும் அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.